லண்டன்லயே ஆடிச்சு, நைனா

நாற்காலி என்பது உட்காருவதற்கான சாமான் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரை என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் முக்கோணம். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரிந்த அந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ராயபுரத்திலிருந்து காசிமேடு வரைக்கும் எங்கே நின்று "முக்கோணம் எங்கே இருப்பார்?" என்று கேட்டாலும் ஒருவர் வழி காட்டுவார். பக்கத்தில் நிற்பவர், "போய்ப் பாருங்க, ஆனா அந்தாள்கிட்ட எதுவும் வாங்கிடாதீங்க" என்று சேர்த்துச் சொல்வார்.

தொழில், கப்பலுக்குப் பெயர் எழுதுவது. துறைமுகத்தில் கட்டிப் போட்டிருக்கும் கப்பலின் வயிற்றுப் பக்கம் இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் குந்திக்கொண்டு ஆள் உயர எழுத்துகளை எழுத வேண்டும். கீழே கடல், மேலே அதட்டுகிற மேஸ்திரி. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள மதராஸ் துறைமுகத்தில் ஆள் கிடையாது என்று அவருடைய காண்ட்ராக்டரே சொல்வார். சொல்லிவிட்டு, தலையில் கைவைத்துக்கொள்வார். காரணம், ஒரு கிரேக்கக் கப்பல். அதன் பெயரில் வட்டமாக வரவேண்டிய எழுத்துகளை எல்லாம் முக்கோணமாக எழுதிவிட்டு மனிதர் அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். கேப்டன் படகில் வந்து நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினாராம். முக்கோணம் பலகையில் ஆடிக்கொண்டே, "வட்டம் ஓல்டு சார், திஸ் நியூ" என்று பதில் சொன்னார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் கடைசிவரை நின்றது.

இந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ராயபுரத்தில் அப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜரின் பங்களா இருந்தது. அதன் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனவர், உள்ளே ஜன்னலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்து பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். கறுப்பும் மஞ்சளும் செங்கல் நிறமுமாக, கோணல் மாணலாக, கட்டமும் கோணமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற துணி. பூ இல்லை, மயில் இல்லை, மாங்காய்கூட இல்லை. வீட்டுத் துரைசாணி இவர் முழிப்பதைப் பார்த்துக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் லண்டனில் ஓர் ஓவியர் கூட்டம் சேர்ந்ததாம். சுவரில் மாட்டுகிற படம் மட்டும் போதுமா, மனுஷன் புழங்குகிற சாமான் எல்லாம் படமாக இருக்கட்டுமே என்று ஒரு பட்டறை போட்டார்களாம். மேஜை, நாற்காலி, திரைத்துணி, மண்பாண்டம், தட்டி, எதையும் விடவில்லையாம். யாரும் தன் பெயரை எழுதிக்கொள்ளக் கூடாது என்பது சட்டமாம். அந்தத் திரைச்சீலை அவளுடைய அம்மா அங்கே வாங்கியது. பக்கத்தில் இருந்த பெயின்ட் அடித்த முக்காலியும் அங்கே வாங்கியதுதான், ஆனால் அதில் உட்கார வேண்டாம், ஆடும் என்றாளாம்.

"ஆடும்" என்ற அந்தச் சொல்லை முக்கோணம் வேத வாக்காக எடுத்துக்கொண்டார்.

துரைசாணி ஊருக்குக் கப்பல் ஏறும்போது திரைச்சீலையின் கிழிந்த பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பட்டறை வாசலில் மாட்டினார். பட்டறை என்றால், சவப்பெட்டி செய்கிற அந்தோணியின் கடையில் பின்பக்கப் பாதி. அந்தோணி தச்சர். வாய் திறந்து பேசுவது அபூர்வம். மாதா கோயில் சுற்றுவட்டாரத்தில் யார் போனாலும் பெட்டி அவர் கையால்தான். அவருடைய வாடிக்கையாளர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. முக்கோணத்தின் வாடிக்கையாளர்கள் குறை சொல்வதற்கென்றே திரும்பி வந்தார்கள்.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. கல்யாணமாகாதவன், வெளியூர்க்காரன், பட்டறைக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். இந்த மூன்று தகுதியும் ஒன்றாக அமைந்ததால் சோதனை எலியாக என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோணியும் அவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று கால், மூன்றும் மூன்று உயரம். இருக்கையே முக்கோணம். முதுகுப் பலகையில் நீலமும் ஆரஞ்சுமாகச் சண்டை போடுகிற கோடுகள்.

"குந்து நைனா," என்றார்.

குந்தினேன். அடுத்த கணம் இடப்பக்கம் தரையில் கிடந்தேன்.

"அண்ணே, ஆடுதே," என்றேன், எழுந்திருக்காமலே.

"லண்டன்லயே ஆடிச்சு, நைனா," என்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தால் அது என்னை விழவைக்காமல் பொறுத்துக்கொள்ளும். அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன். ஆபீஸிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்து, இடுப்பு வலியா என்று மேனேஜர் விசாரிக்கும்படி ஆயிற்று.

மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. தெருக்கோடி வாத்தியார் வீட்டுக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தார்கள். அந்தோணியின் கை பெட்டி செய்தே பழகிய கை. தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் ஒடுங்கியும்தான் எதையும் செய்யும். அதன் மேல் முக்கோணம் ஊதாவும் கறுப்புமாக அடித்துவிட்டார். வாத்தியார் மனைவி அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தியார் அலமாரியைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அப்புறம் அந்தப் படுக்கை விரிப்பு. காலடிப்பேட்டையில் நெய்த வெள்ளைத் துணியில், செருப்புத் தைக்கும் ரப்பரில் அச்சு வெட்டி, வரிசை வரிசையாகச் சிவப்பு முக்கோணம் குத்தினார். புதிதாகக் கல்யாணமான ஒரு கிரேன் டிரைவருக்கு அன்பளிப்பு. அந்த நாளில் சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வைத்திருந்த சின்னமே சிவப்பு முக்கோணம்தான். பஸ்ஸில், சுவரில், ஆஸ்பத்திரியில், எங்கே பார்த்தாலும் அதுதான். இதை ஊரில் அறியாத ஒரே ஆள் இவர். பெண்ணின் அப்பா விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"கண்ணாலம் ஆயி தாலிக் கயிறு மஞ்சகூட காயல. அதுக்குள்ள எம்பொண்ணு கட்டில்ல வந்து போதும் போதும்னு எயுதி வெச்சிக்கீறியே, நீ மன்ஷனாய்யா?"

"அது டிசைன், மாமு."

"பேரன் பொறக்கட்டும். அப்பால வந்து டிசைன் பண்ணு."

எல்லாவற்றுக்கும் சிகரம் ஒரு ஜன்னல் திரை. அசல் சிவப்பு, நடுவில் மஞ்சள் மின்னல். சாயம் காய்வதற்காக அதைத் துறைமுக ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று அதன் எதிரே அடக்க ஒடுக்கமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இறங்கி நின்று என்ன ஆபத்து என்று நாலாபக்கமும் தேடிக்கொண்டிருந்தார். முக்கோணம் என் அறைக்கு ஓடிவந்து, "நைனா, என் துணியப் பாத்து ரயிலே நின்னுட்ச்சு. லண்டன்ல நின்னுதா?" என்றார். அதற்காக ரயில்வே போலீஸ் அவரை அரை நாள் உட்காரவைத்தது வேறு விஷயம். அங்கேயும் பெஞ்சு ஆடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சிரிக்கிறேனே தவிர, ஒன்று எனக்குத் தெரியும். ஒரு சாமான் திரும்பி வந்தால் அவர் சண்டை போட மாட்டார். வாங்கி, துணியால் தூசி தட்டி, பட்டறை மூலையில் மற்றவற்றோடு அடுக்கிவைப்பார். அன்றைக்கு மட்டும் சாயங்காலம் டீக்கடைக்கு வரமாட்டார். ஒரு நாள் நானே டீயை வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு சாமான் நைனா," என்றார். "நம்ம கையால செஞ்சது, யாராச்சும் ஒர்த்தர் தெனம் எடுத்துப் பொயங்கணும். ஊட்டுக்கு வந்தவன் கிட்ட காட்டறதுக்கு இல்ல. கஞ்சி குடிக்கிற கிண்ணம் மாதிரி, தெனம். லண்டன்ல அது நடக்கல. பணக்கார சீமாட்டிங்க வாங்கி ஹால்ல வெச்சிக்கினாங்க, அவ்ளோதான். அஞ்சாறு வருசத்துல பட்டறைய மூடிட்டாங்களாம். துரைசாணி கப்பல் ஏறச்சொல சொன்னுச்சு."

மூடிவிட்டார்கள் என்பதை அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் நாற்காலியைத்தான் தினம் புழங்குகிறேனே என்றேன். "நீ தோஸ்து. கணக்குல வராது," என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒரு காலை கன்னியம்மா பட்டறைக்குள் நுழைந்து, மீன் கூடையைத் தடாலென்று இறக்கினாள்.

கன்னியம்மா காசிமேட்டுக்காரி. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் புரசைவாக்கம் போய், அங்கே பத்துப் பதினைந்து வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுப்பவள். புருஷன் இல்லை. குடும்பம் அந்தக் கூடையில்தான் ஓடியது. அந்தப் பஸ்ஸுக்குப் புதிதாக ஒரு கண்டக்டர் வந்திருந்தான், காஞ்சிபுரம் பக்கத்துக்காரன், கண்டிப்பானவன். நாலு நாளாக அவளை ஏற்றவில்லை. நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி ஐஸ் கரைந்துவிடுகிறது. வாடிக்கை வீடுகளை ஒரு சைக்கிள்காரன் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"கூட்டத்துக்கு முன்னாடி கத்தறான்யா," என்றாள். "தண்ணி சொட்டக்கூடாது, நாத்தம் வரக்கூடாது, அப்டி ஒரு கூடை ஒலகத்துல இருந்தா கொண்டா, நானே தூக்கி ஏத்தி நானே எறக்கி வெக்கறேன்னு சொல்றான். இன்னும் ஒரு வாரம் போனா பொயப்பு பூடும். நீங்கதான் என்னென்னமோ செய்றீங்களே, இத்த ஒண்ணு செய்ங்களேன்."

முக்கோணம் உடனே சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு முக்கோணம் போட்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அப்போது அந்தோணி வாயைத் திறந்தார்.

"தூத்துக்குடிக்கு எல்லாம் ரயில்ல பொட்டி அனுப்பறோமே," என்றார். "உள்ள ஜிங்க் தகடு வெச்சி, மூலைல ஈயம் ஊத்தி, மூடிக்கு மெழுகு போட்டு. ரெண்டு நாள் ஆனாலும் பக்கத்துல குந்தி டிபன் சாப்டலாம். பொணத்துக்கே வராத வாசன மீனுக்கா வரப்போவுது?"

கன்னியம்மா முகத்தைச் சுளித்தாள். "கேக்க கலீஜா கீது," என்றாள். "ஆனா செய்யி."

துறைமுகத்தில் தேயிலை வந்து இறங்குகிற பிளைவுட் பெட்டிகள் இறகு மாதிரி லேசானவை. அதை அறுத்துத்தான் பெட்டி செய்தார்கள். உள்ளே ஜிங்க் தகடு. மூடியின் ஓரத்துக்கு மெழுகு போட்ட துணிப் பட்டை. வெளியே முக்கோணத்தின் ராஜ்ஜியம். கப்பல் பெயின்ட் மிச்சம் அவரிடம் எப்போதும் உண்டு. புகைக்கூண்டுக் கறுப்பு, மிதவை மஞ்சள், அடிப்பக்கத்துச் செங்கல் சிவப்பு. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறினாலும் உரியாத பெயின்ட். கோணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தன. அதைப் பார்த்த அன்றுதான், இந்த மனிதருக்குள் நிஜமாகவே ஒரு பெரிய கலைஞர் இருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. இதையும் அவள் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளே என்ற பயமும் கூடவே வந்தது.

கன்னியம்மா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னாய்யா இது, தேர் மாதிரி கீது," என்றாள். பிறகு, "நல்லதாப் போச்சு. ஏலக் கூட்டத்துல என் பொட்டி எதுன்னு தேட வேணாம்."

எல்லாம் சரி, அந்தோணியின் கை ஒரு வேலை செய்திருந்தது. அவள் போன பிறகு ராத்திரியோடு ராத்திரியாக, பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் சவப்பெட்டிக்குப் போடுகிற பித்தளைக் கைப்பிடி, மூடி மேல் ஒரு பித்தளைச் சிலுவை. விடிகாலை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாப்பில்தான் நான் பார்த்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

முக்கோணமும் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போயிருந்தோம். கன்னியம்மா சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்டக்டர் படியில் நின்று வாயைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான். சிலுவையைப் பார்த்தான். மாதா கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. திறந்த வாயை மூடி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"சாமி சுரூபமாம்மா?" என்றான் பயபக்தியுடன்.

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் கன்னியம்மா "ஊம்" என்று ஒரு சத்தம் போட்டாள். கண்டக்டர் தன் கையாலேயே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினான். முக்கோணம், "சார், உள்ள ஜிங்க்" என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஓர் அம்மாள் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி மூடி மேல் வைத்தாள். நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர் ஒருவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பஸ் யானைகவுனி தாண்டியது. எல்லாம் சுபமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் குனிந்து மெல்லக் கேட்டார்.

"உள்ளே யாரும்மா எழுந்தருளியிருக்கிறது?"

கன்னியம்மா அவர் நெற்றியைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். அவள் கும்பிடுவது கடலோரத்து அம்மனை. எந்தச் சாமியானாலும் சாமி மேல் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"வஞ்சிரமும் சங்கராவும் சாமி," என்று சொல்லி மூடியைத் திறந்துவிட்டாள். "இன்னிக்கி ஷோக்கா வந்துகீது, பாரு."

முக்கோணம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வஞ்சிரம் முழுசாத்தான் தருவியா, துண்டு போட்டும் தருவியா?" என்றார்.

விசில் ஊதி வண்டியை நிறுத்தினான் கண்டக்டர். "இத்தனை நேரம் நான் மீனுக்கா செருப்பைக் கழட்டிட்டு நின்னேன்?" என்று கேட்டான்.

"நீ இன்னா சொன்ன?" என்று எழுந்தாள் கன்னியம்மா. "தண்ணி சொட்டக்கூடாதுன்ன. சொட்டிச்சா? தொட்டுப் பாரு. நாத்தம் வரக்கூடாதுன்ன. தொறக்கறதுக்கு முன்னாடி வந்துச்சா? இதோ குந்திகினுகீறாங்களே, கேளு."

அவன் குனிந்து பெட்டியடியில் கையை வைத்துத் தடவினான். கையைப் பார்த்தான். காய்ந்திருந்தது. மூடியை அழுத்தி மூடி, அருகில் மூக்கை வைத்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பஸ் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "கனகாம்பரம்தான் தெரியுது," என்று முனகினான். செருப்பை மாட்டிக்கொண்டான். ஊருக்கு முன்னால் கொடுத்த வாக்கு. புரசைவாக்கம் வந்ததும் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து அவனே இறக்கி வைத்தான். ஒரு சங்கராவும் எடுத்துக்கொண்டான்.

முக்கோணம் நடைபாதையில் குந்தி, பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒயுகல நைனா," என்றார். "ஆடவும் இல்ல." கொஞ்சம் கவலையாகவே சொன்னார். பிறகு முகம் முழுக்க விரிந்தது. "லண்டன்காரன் நம்பவே மாட்டான்."

விஷயம் மாதா கோயில் பங்குச் சாமியார் காதுக்குப் போயிற்று. அந்தோணியைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் நடுங்கிக்கொண்டு போய் நின்றோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இயேசுவோட சீடர், நம்ம ராயப்பரே மீன் பிடிச்சவர்தானே. ஆனாலும் அந்தச் சிலுவையை எடுத்துடு அந்தோணி. விட்டா அடுத்த வாரம் எறாலுக்கு நவநாள் பூசை வெச்சிடுவாங்க," என்றார். சிலுவை இருந்த இடத்தில் முக்கோணம் ஒரு மஞ்சள் முக்கோணம் போட்டார்.

அந்த மாதமே காசிமேட்டுப் பெண்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். எனக்குப் பச்சை, எனக்கு மின்னல் போட்டது, அவளுதைவிட என்னுது பளிச்சுனு இருக்கணும் என்று ஒரே ரகளை. அந்தோணி சவப்பெட்டிக்கு நேரமில்லை என்று சொல்கிற நிலைமை வந்தது. அதே காலடிப்பேட்டைத் துணியில், அதே ரப்பர் அச்சில், மூடி மேல் விரிக்க மெழுகுத் துணியும் செய்தார்கள். விடிகிற வேளையில் கரையில் நின்றால், வெள்ளி மீனும் ஈர மணலுமாகக் கிடக்கிற இடத்தில் ஆரஞ்சும் நீலமும் கறுப்புமாகக் கோணங்கள் வரிசை கட்டி நிற்கும். லண்டனில் சீமாட்டிகளின் ஹாலில் போய் உட்கார்ந்துவிட்ட கலை, எங்கள் ராயபுரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனது.

ஒரு நாள் கன்னியம்மா கேட்டாள், "கப்பலுக்கெல்லாம் பேர் எயுதறியே, இதுல உம்பேர ஒரு ஓரமா எயுதக் கூடாதா?"

"எயுதக் கூடாதும்மா. லண்டன்ல சட்டம்."

"இன்னா சட்டமோ. பொட்டி பூரா உம்பேருதானய்யா கீது," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். முக்கோணம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று சாயங்காலம் டீக்கடைக்கு முதல் ஆளாக வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் துறைமுகத்துக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். ஏறப்போவதில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்ப்பார். கடைசிப் பெட்டி ஏறி பஸ் புறப்பட்டதும், தானே அனுப்பிவைத்த மாதிரி "ரைட்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். கண்டக்டரும் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்குவான்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, வேலை மாறி ஊரும் மாறியது. முக்கோணமும் இப்போது இல்லை. அந்த நாற்காலி வீடு மாற்றும்போது லாரிக்காரன் கையில் கால் உடைந்து போனது. பிறகு எத்தனையோ நாற்காலி வாங்கியாயிற்று. எல்லாம் நாலு கால் உள்ளவை, ஆடாதவை, யோக்கியமானவை. ஆனாலும் எதில் உட்கார்ந்தாலும் என் உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்துகொள்கிறது. "ஏன் இப்படிக் கோணலா உட்கார்றீங்க, நேரா உட்காருங்களேன்," என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவள் சொல்வது நியாயம்தான். நேராக உட்கார்ந்தும் பார்த்தேன். அந்த மனுஷரைத் தனியாக விட்டுவிட்டு வந்தது போல இருந்தது. மறுபடி சாய்ந்துகொண்டேன்.